‘நம் நடுவே ஒரு சகோதரி’

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் ஒரு வேத தியானம் குரல்பதிவாக வரும். மூன்று வருடங்கள் அதைப் பேசியவள் நான். நாசரேத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றபின், மகனோடு முத்தையாபுரத்துக்கு வந்திருந்தேன். என் குரலில் ஜெபம் இருக்கிறது என்று குருவானவர் ஒருமுறை சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை. ஏழு மணிக்குப் பதிவை அனுப்பிவிட்டு, யார் கேட்டார்கள், யார் கைகூப்பும் படம் போட்டார்கள் என்று பதினோரு மணி வரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மருமகள் ஏதாவது கேட்டால் காதில் விழாது.

இரண்டு தெரு தள்ளி எங்கள் சபைப் பெண் ஒருத்தி இருந்தாள். நாற்பத்தைந்து வயது, பிள்ளைகள் இல்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் மூன்றாவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது கணவரின் முகத்தைப் பார்த்தாளாம். இந்த மனுஷன் செத்துப்போனால் நான் ஒரு நாளாவது தூங்குவேன் என்று தோன்றியதாம். சொல்லிவிட்டுப் பாயில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்றேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

லெந்தின் நான்காம் வாரம், பிடிபடும் முன் இயேசு இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டப் பகுதி வந்தது. ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் சீஷர்கள் தூங்கிவிட்டதைப் பற்றிப் பேச வேண்டும். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. வரும்போதே அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பெயர் சொல்லவில்லை. ‘நம் நடுவே ஒரு சகோதரி’ என்றேன். சரீரம் மட்டுமல்ல, அன்பும் களைத்துத் தூங்கிவிடும் என்றேன். அவளுக்குத் தோன்றியதையும், மூன்றாவது தடவை மாற்றிய விரிப்பையும் சொன்னேன். கேட்பவர்களைத் தொடப்போவது அந்த விரிப்புதான் என்று தெரிந்தே சொன்னேன். அன்றைக்குப் போல் எந்த நாளும் பதில்கள் வந்ததில்லை. கண்ணீர் வந்துவிட்டது டீச்சர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நாள் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் ஆலயத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் வரவில்லை. மளிகைக் கடையில் சபைப் பெண் ஒருத்தி அவளிடம், இப்போதாவது தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறாள். அது என் காதுக்கும் வந்தது. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன், குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வந்தவள். ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது, “நான் பேர் சொல்லலியே” என்பதுதான்.

“ஊர்ல உள்ளவிய கேட்டது போட்டும் டீச்சர். தெனமும் காலைல ஒங்க பேச்ச எங்க வீட்டுக்காரவிய தலமாட்டுல போட்டு வச்சிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். அன்னைக்கும் போட்டு வச்சேன்” என்றாள்.

“அவரு கேட்டாரா?” என்றேன்.

“முழுசுங் கேட்டுருக்காவ. அதுலருந்து தண்ணி குடிக்க மாட்டேங்காவ. ஒரு மடக்குதான். குடிச்சா நான் விரிப்ப மாத்தணும்லா.”

அந்த லெந்தின் முதல் வாரத்தில், அந்தரங்கத்தில் உபவாசம் இருப்பதைப் பற்றி நான்கு நாள் பேசியிருந்தேன். எவ்வளவு சரளமாகப் பேசினேன். இங்கே ஒரு மனுஷன் நாக்கு உலர்ந்து கிடந்தார்.

அவரைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். விலகி வழிவிட்டாள். கட்டிலருகே நின்று, செய்தது தப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் இடது கையைத் தூக்கி ஏதோ குழறினார். எனக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தேன்.

“போவச் சொல்லுதாவ” என்றாள்.

குருவானவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழுவிலேயே சாட்சியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமே என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மனசு முதல் வாக்கியத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டது. நல்ல வாக்கியம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வேண்டாம், இனி நான் பேசவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஈஸ்டர் வரையுள்ள பாடுகளின் வாரத் தியானங்களை வேறொருவர் பேசினார். உடம்பு சரியில்லையா என்று பலரும் கேட்டார்கள். அப்படி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கெத்செமனேயை அதற்குப் பிறகு பலமுறை வாசித்துவிட்டேன். தூங்கியவர்களை இயேசு எழுப்பினார், கேட்டார், திரும்பவும் தனியே ஜெபிக்கப் போனார். வேறு யாரையும் கூப்பிட்டு அவர்களைக் காட்டவில்லை. இத்தனை வருடம் அந்தப் பகுதியைப் பேசியும் இது என் கண்ணில் பட்டதில்லை.

அவர் மறுபடி தண்ணீர் குடித்தது என்னால் அல்ல. நீங்கள் குடிக்காவிட்டால் நானும் குடிக்கவில்லை என்று அவள் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். பங்குனி வெயில். மறுநாள் மத்தியானம் அவராகவே வாயைத் திறந்தாராம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இதுவும் எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்குப் பிறகு போய், செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் நான் அவரோடு இருக்கிறேன், நீ தூங்கு என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு மாதம் கழித்தும் வேண்டாம் என்றாள். ஆனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் உள்ளே விட்டாள். அன்று அடுத்த அறையில் நான்கு மணி நேரம் தூங்கினாள். நான் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன், துடைத்துவிட்டேன். பழகாத கை என்பதால் அவருக்கு வலித்திருக்கும். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

இப்போது வாரம் தவறாமல் போகிறேன். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி, மருத்துவமனைக்கு ஆட்டோ கிடைக்காததைப் பற்றி அவள் பேசுகிறாள். ஜெபிக்கட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

“நீங்க வீட்ல போயி பண்ணுங்க டீச்சர்” என்றாள்.