பட்டா கேட்காத அதிகாரி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடையில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் போய், மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. எனக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. முந்தைய வருடம் தண்ணீர் வராமல் சம்பா நாற்று கண்ணெதிரே கருகிப் போயிருந்தது. இன்னொரு வருடம் அப்படி ஆனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போவதென்று நானும் வீட்டுக்காரரும் முடிவே செய்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த வருவாய்த்துறை பெண் உயரதிகாரி ஊருக்கு வந்தார். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி, கையில் ஒரு நோட்டுடன் நடந்தே வந்தார். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. எந்த அதிகாரி வந்தாலும் முதலில் பட்டா, சிட்டா, அடங்கல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர் அதில் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் எப்போது வரும், மதகை யார் திறப்பது, சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். பட்டாவே கேட்காத அதிகாரியை எப்படி நம்புவது?

என் கொழுந்தனார் அதற்குள் யாருக்கோ போன் போட்டு எல்லாவற்றையும் துருவிவிட்டார். அந்த அம்மா ஏழெட்டு வருடம் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவராம். டாக்டர் பட்டம் வாங்கியவராம். அந்த வேலையை விட்டுவிட்டு, அரசுத் தேர்வு எழுதி இந்தப் பதவிக்கு வந்தாராம்.

"ஃபேனுக்குக் கீழ நின்னு பாடம் நடத்துனவங்க இந்த வெயில்ல எதுக்கு அண்ணி அலையணும்? நெலத்த எடுக்கத்தான்" என்று காதில் ஓதினார்.

புது ரோட்டுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம் அது. தண்ணீர் வராத நிலம் என்று எழுதிவிட்டால், தரிசுதானே என்று முதலில் நம் நிலத்தில்தான் கை வைப்பார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் மகளிர் குழுத் தலைவி என்பதால், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அந்த அதிகாரி முதலில் கேட்டதும் என்னைத்தான்.

"எங்களுக்கென்னங்க குறை, தண்ணி நல்லா வருது" என்றேன், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். எனக்குப் பின்னால் நின்ற பெண்களும் அதையே ஒப்பித்தார்கள். அவர் வாய்க்காலில் மண்டிக்கிடந்த எருக்கஞ்செடிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு நாங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். படித்தவரையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குப் பிடிபடவில்லை.

பதினைந்து நாள் கழித்து, தூர்வாரப் போகும் வாய்க்கால்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள். தண்ணீர் எட்டாத ஊர்களுக்குத்தான் முதலிடமாம். பக்கத்து ஊர் வாய்க்கால் இருந்தது. எங்களுடையது இல்லை.

"நீங்க சொன்னீங்களேன்னுதான்க்கா நானும் சொன்னேன்" என்றாள் பக்கத்து வயல்காரப் பெண். அவள் என்னைத் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், அந்த அதிகாரி முன்னால் போய் நின்றேன். நிலம் போய்விடும் என்று பயந்து பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"இதையே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது இருந்தாத்தான் பட்டியலைத் திருத்த முடியும்."

பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்தே கேஸ் போடுவார்களோ? அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கருகிய நாற்றை நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"தூர்வாரத்தான் வந்திருக்கேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொன்னா எல்லா ஊருலயும் தண்ணி வரலைன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க. மக்களை நம்பணும்னு வருஷக்கணக்கா பாடம் நடத்தியிருக்கேன். ஆனா உங்ககிட்ட வந்தப்ப நானும் சந்தேகப்பட்டுத்தான் வந்தேன். தப்பு என் மேலயும் இருக்கு" என்றார்.

அதிகாரி ஒருவர் தன் தப்பைத் தன் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அடுத்த பத்து நாளும் வாசலில் பைக் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று எட்டிப் பார்த்தேன். பதினோராம் நாள் தூர்வாரும் இயந்திரம் வந்தது. வாய்க்கால் கரையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அந்த வருடம் ஆறு மாவிலும் சம்பா விளைந்தது. பக்கத்து வயல்காரியும் அறுத்தாள். நாங்கள் திருப்பூர் போகவில்லை.

அந்த அதிகாரி இப்போது வேறு மாவட்டத்தில் இன்னும் பெரிய பொறுப்பில் இருப்பதாகக் கேள்வி. ஜீப்பிலிருந்து யார் இறங்கினாலும் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் இப்போதெல்லாம் முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் சந்தேகப்படுகிறேன்.