வீட்டுக்கு அடியில கட்டின படகு

கடல்லயும் ஏரியிலயும் பொழைக்கிறவங்களுக்குத் தண்ணி மேல கோவம் வரலாமான்னு கேப்பாங்க. வரும். எனக்கு வந்தது. தண்ணி இருக்கவேண்டிய இடத்துல இருந்தா யார் கோவிச்சுக்கப் போறாங்க? என் வீட்டுக்கு அடியில வந்து உக்காந்துக்கினு போகவே மாட்டேன்னா கோவம் வராம என்ன வரும்?

எங்களுது தூண் மேல நிக்கிற வீடு. பெரிய அலை வந்து பழைய வீடுங்களை வாரிக்கினு போன பிறகு வெளியூர்க்காரங்க வந்து கட்டிக் கொடுத்தது. தரைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நல்லா குனிஞ்சு போற அளவுக்கு இடம் விட்டிருந்தாங்க. ஆடு படுக்கும், நாய் குட்டி போடும். ஏரி ஏறினா ஒரு பக்கமா தண்ணி வந்து இன்னொரு பக்கமா போயிடும். ஒருத்தருக்கும் தொல்லை இல்ல.

எங்க வீட்டுக்காரருக்குச் சும்மா கிடக்கற இடத்தைப் பாத்தா கை அரிக்கும். தூணுக்குத் தூண் செவுரு எழுப்பிட்டாரு. குனிஞ்சா முதுகு வலிக்குதுன்னு உள்ள மண்ணையும் பறிச்சு பள்ளமாக்கினாரு. ஒரு சின்னக் கதவு வெச்சாரு. வலை, ஐஸ் பொட்டி, கருவாட்டுக் கூடை எல்லாம் அங்க போச்சு. நாங்க அதுக்கு வெச்ச பேரு பொந்து. பொந்தைக் கட்டி முடிச்சு ரெண்டு மழை பாத்துட்டு அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. பொந்தும் அதுல வர தண்ணியும் என் தலையில விழுந்தது.

எங்க ஏரி கடலோட சேர்ற உப்பு ஏரி, மழைக்காலம் வந்தா ஏறும். ஏரி ஏறினா பொந்துல தண்ணி நிக்கும். முதல்ல கதவு வழியா வருதுன்னு நெனச்சு மணல் மூட்டை அடுக்கினேன். மூட்டை காஞ்சு கிடக்குது, உள்ள தண்ணி நிக்குது. அப்புறம் செவுத்துல கசியுதுன்னு சொன்னாங்க. களிமண்ணுல சுண்ணாம்பு கலந்து நானே கையால பூசினேன். கை வெந்ததுதான் மிச்சம். அப்புறம் மகன் மோட்டார் கொண்டாந்து இறைச்சான். சாயங்காலம் இறைச்சா காலையில அதே அளவுக்கு நிக்குது. எதிர்வீட்டுக்காரி வாசல்ல நின்னு பாத்துட்டு, "இன்னாமே, ஏரியை இறைச்சு ஏரியிலயே ஊத்தறியா? அப்படியே கொஞ்சம் எங்க பக்கமும் இறைச்சு வுடு, கால் கழுவிக்கறேன்"னா. அவளுக்கு என்ன, அவ வீட்டு அடியில செவுரே கிடையாது.

தண்ணி கீழேருந்து ஊறி வருது. மண்ணைப் பறிச்சு பள்ளம் பண்ணினா ஊறாம என்ன செய்யும்? இது எங்களுக்குப் புரியறதுக்கே பல மழை ஆயிடுச்சு.

என் மகன் மீன்பிடிக்கப் போறதில்ல. மீஞ்சூர் பக்கம் கம்பெனியில வேலை. தினம் பஸ்ல போயிட்டு பஸ்ல வரான். வெயில் தொடங்கினப்ப ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பிச்சான்.

"மா, தூண்ல கம்பி துருப்புடிச்சு வெளிய வந்துகீது, பாத்தியா? உப்புத்தண்ணி நின்னு நின்னு தின்னுது. ஒருநாளைக்கு வீடு உக்காந்துடும். மீஞ்சூர்ல வீடு பாக்கறேன், எல்லாரும் போயிடலாம்."

"நீ போ. உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கினு போ. நான் வரல."

"உன்னைத் தனியா வுட்டுட்டுப் போனா ஊர் என்னை இன்னா பேசும்?"

"ஊருக்குப் பயந்துதான் கூப்பிடறியா?"

மருமக குறுக்க வந்தா. "ரெண்டு பேரும் சோத்தை முடிங்க, அப்பால சண்டை போடுங்க."

அவன் தட்டுல கை கழுவிட்டுச் சொன்னான். "சரி, ஒண்ணு பண்ணலாம். இந்த மழைக்குப் பொந்துல தண்ணி நிக்காம காட்டு. காட்டிட்டா மீஞ்சூர் பேச்சையே எடுக்கமாட்டேன். நின்னுச்சுன்னா நீ மூட்டையைக் கட்டணும்."

"கட்டறேன்."

சொன்னா சொன்னதுதான். எங்க ஊர்ல ஏரியில வலை போடற இடத்தை முறை வெச்சுத்தான் பிரிச்சுக்குவாங்க. அதுக்குப் பாடுன்னு பேரு. இன்னிக்கு உன் பாடு, நாளைக்கு அவன் பாடு. உன் நாள்ல மீனே படலன்னா அடுத்தவன் நாளைக் கேக்க முடியாது. வாயை மூடிக்கினு கரையேறணும். எங்க அப்பா அப்படித்தான் இருந்தாரு, நானும் அப்படித்தான். அதனால அன்னிக்குக் கட்டறேன்னு சொன்னபோதே, அது திரும்ப வாங்க முடியாத வார்த்தைன்னு எனக்குத் தெரியும்.

என் தம்பி ஃபைபர் படகு ரிப்பேர் பண்றவன். படகுல அடிபட்டா, ஓட்டை விழுந்தா, கண்ணாடி நாருல செஞ்ச பாய் மாதிரி ஒண்ணு, மேட்டுன்னு பேரு, அதை வெச்சு, ரெசின்னு ஒரு பசையைத் தடவி ஒட்டிக் கொடுப்பான். வேலை நல்லா இருக்கும். வாய்தான் ஜாஸ்தி. அவன்கிட்ட போய் பொந்து கதையைச் சொன்னேன். அவன் பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டு ஜட்ஜ் மாதிரி கேள்வி கேட்டான்.

"அக்கா, கடல்ல போற படகுக்குள்ள தண்ணி வருதா?"

"வராது."

"ஏன் வராது?"

"நீ ஒழுங்கா ஒட்டியிருந்தா வராது."

"அவ்ளோதான் மேட்டரு. உன் பொந்தை உள்பக்கமா ஒரு படகா ஒட்டிடறேன். ஏரி மொத்தமும் வந்து நின்னாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

இதுல ஒரு தப்பும் எங்க யாருக்கும் தெரியல. காலம்பூரா படகுல பொழைச்ச ஜனம். தண்ணியைத் தடுக்கணும்னா படகுதான் நெனப்பு வரும். கம்பெனியில மிஷினோட மல்லுக்கட்டற என் மகனும் யோசிச்சுப் பாத்துட்டு, "மாமா சொல்றது சரிதான்"னு தலையாட்டினான்.

வெயில் காலத்துல வேலை நடந்தது. பொந்துத் தரையில மணலைச் சமமா தட்டி, தார்ப்பாய் விரிச்சு, அதுக்கு மேல மேட்டு, மேட்டுக்கு மேல ரெசின், திரும்ப மேட்டு, திரும்ப ரெசின். செவுத்துலயும் வயித்து உயரத்துக்கு ஏத்தி ஒட்டினான், கதவோட கீழ்ப்பாதியையும் அடைச்சுட்டான், அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். ஒட்டினது காயும்போது நெளியக்கூடாதுன்னு சவுக்குக் கட்டைங்களை அங்கங்க முட்டு கொடுத்தான். கட்டையோட அடி அவன் ஒட்டின தரையில, நுனி எங்க வீட்டுத் தரையைத் தாங்கற மாதிரி இறுக்கமா. "இருக்கட்டும் அக்கா, வீட்டுக்கும் ஒரு தாங்கல்"னு அதை எடுக்காமலே விட்டுட்டான்.

அந்த ரெசின் நாத்தம் இருக்குதே! மேல சமைச்சா குழம்புல அந்த வாசனை. துணியில, தலகாணியில, தண்ணிக் குடத்துல. மருமக மூக்கைப் பொத்திக்கினு, "மாமா, தண்ணி வராதது இருக்கட்டும், நாங்களே வெளிய ஓடிடுவோம் போலக்கீது"ன்னா. "ரெண்டு நாளு பொறுத்துக்கம்மா"ன்னான். ரெண்டு நாளா! ஆடி மாசம் முழுக்க தலைவலி மாத்திரை முழுங்கினோம்.

மழை வந்தது. நான் தினம் காலையில பொந்துக்குள்ள போய்த் தரையில உள்ளங்கையை வெச்சுப் பாப்பேன். காஞ்சு கிடக்கும். வெளிய செவுத்துல முழங்கால் அளவுக்குத் தண்ணி அடிக்குது, உள்ள தூசி பறக்குது. எதிர்வீட்டுக்காரியைக் கையைப் புடிச்சு இட்டாந்து காட்டினேன். அவ சுத்தி சுத்திப் பாத்துட்டு, "நல்லாத்தான் கீது. இனிமே இங்கயே படுத்துக்கோ"ன்னுட்டுப் போனா. பொறாமை. மகன் வேலைக்குப் போறப்ப பொந்துக் கதவைத் தொறந்து எட்டிப் பாத்துட்டுப் போவான். நான் பாக்காத மாதிரி இருப்பேன். ஜெயிச்சுட்டேன்னுதான் நெனச்சேன்.

அந்த வருஷம் முகத்துவாரத்துல மண்ணடிச்சுக் கிடந்தது. ஏரித் தண்ணி கடலுக்குப் போக வழி இல்ல. மேல மழை, பக்கத்துல ஆறு, எல்லாம் ஏரியில வந்து சேருது. அது எங்க போகும்? ஊருக்குள்ளதான் வரும். வந்தது.

ஞாயித்துக்கிழமை காலையில நான் கூடத்துல உக்காந்து அரிசி பொறுக்கிக்கினு இருந்தேன். கீழ வெச்ச டீ டம்ளர் தானா சாஞ்சது. உருண்டு சமையல்கட்டுப் பக்கம் போச்சு. பூனை தட்டியிருக்கும்னு நெனச்சேன். பூனை இல்ல. கீழ மடக்குனு ஒரு சத்தம். பீரோ கதவு தானா தொறந்துக்கிச்சு.

மருமக உள்ளேருந்து ஓடியாந்தா. "அத்தை, வீடு ஆடுது!"

வீடு ஆடல. தரைதான் ஏறிக்கினு இருந்தது. எங்க கூடத்துல கடப்பாக்கல்லு போட்டிருக்கு. நடுவுல ஒரு கல்லு ஓரம் தூக்கிக்கினு நிக்குது, விரல் போகற அளவுக்கு. நான் பாக்கும்போதே பக்கத்துக் கல்லும் எழும்புது.

மகன் பொந்துக்குள்ள குனிஞ்சான். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா தம்பி ஒட்டின தரை மொத்தமும் வயிறு உப்பின மாதிரி மேல வந்து நிக்குது. அது ஏற ஏற, முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைங்க எங்க வீட்டுத் தரையைத் தள்ளுது. தம்பியைக் கூப்பிட ஆள் போச்சு. அவன் முழங்கால் தண்ணியில நடந்து வந்தான். பொந்துக்குள்ள மண்டி போட்டுத் தரையைக் கையால அமுக்கினான். அது அமுங்கி எழும்புச்சு. திரும்ப அமுக்கினான். அவன் மூஞ்சியில சந்தோஷத்தைப் பாக்கணுமே!

"மெதக்குது அக்கா!"

"இன்னாடா மெதக்குது?"

"படகுதான். கீழ ஏரி ஏறிச்சு, இது மெதக்குது. அப்ப வேலை சுத்தமா கீதுன்னு அர்த்தம்."

கையில இருந்த முறத்தாலயே அடிச்சிருப்பேன். மருமகதான் முந்திக்கினா. "மாமா, ஓட்டறதுன்னா எங்களை எறக்கி வுட்டுட்டு ஓட்டுங்க."

கட்டையை உருவப் பாத்தாங்க. இறுகிக்கிச்சு, அசையல. மேல இன்னொரு கல்லு படார்னு ரெண்டா போச்சு. அப்பதான் தம்பிக்குச் சிரிப்பு அடங்குச்சு. "ஓட்டை போடணும். தண்ணியை உள்ள வுட்டாதான் எறங்கும். இல்லன்னா தரை மொத்தமும் பேந்துடும்"னான்.

மகன் டிரில் மிஷினை எடுத்துக்கினு வந்து நின்னான். போடல. என்னைப் பாத்தான்.

"மா, நீ சொல்லு."

அவன் பந்தயத்தைப் பத்தி வாயே தொறக்கல. தொறக்கவும் வேணாம். எல்லாருக்கும் தெரியும். பொந்து காஞ்சு கிடக்குது. அப்படியே விட்டா நான் சொன்னதைக் காட்டிட்டேன், ஆனா நிக்க வீடு இருக்காது. ஓட்டை போட்டா வீடு நிக்கும், நான் நிக்க முடியாது. மூட்டை அடுக்கி, சுண்ணாம்புல கை வெந்து, மோட்டார் இறைச்சு, மாத்திரை முழுங்கி, இத்தனை மழையா வராதே வராதேன்னு தடுத்த தண்ணியை இப்ப என் வாயாலயே வான்னு கூப்பிடணும். எனக்கு வந்த ஆத்திரத்துல அழுகைகூட வரல.

"போடுடா"ன்னேன்.

போட்டான். தண்ணி பீச்சி அடிச்சு தம்பி மூஞ்சியில பட்டது. அதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி. இன்னும் நாலஞ்சு இடத்துல போட்டான். தண்ணி உள்ள ஏற ஏற, கட்டைங்க முனகிக்கினே எறங்குச்சு. கூடத்துக் கல்லெல்லாம் கீழ உக்காந்துச்சு, பழைய மாதிரி இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு கோணலா.

மதியம் சோறு போடும்போது, "மீஞ்சூர்ல வீடு பாரு"ன்னேன்.

மகன் கையை நிறுத்திட்டான். "மா, அது கணக்குல வராது. தண்ணி தானா வரல. நாமதான வுட்டோம்."

"எப்படி வந்தா இன்னா? நிக்குதா இல்லியா?"

"நிக்குது. ஆனா…"

"அப்ப வீடு பாரு."

"அத்தை, நீங்க கோவத்துல சொல்றீங்க"ன்னா மருமக.

"கோவத்துலதான் சொல்றேன். கோவம் போயிட்டா சொல்லமாட்டேன். அதுக்குள்ள பாத்துடுங்க."

பெத்த புள்ள எனக்குப் பாவம் பாத்து விட்டுக்கொடுத்து, நான் அந்த வீட்டுல தலை நிமிந்து எப்படி இருக்கறது?

பாத்துட்டான். மாடி வீடு. அதுக்கு அடியில இன்னொரு குடும்பம் இருக்குதாம். பொங்கல் கழிச்சுப் போறதுன்னு முடிவாச்சு. அதுக்குள்ள முகத்துவாரத்தை வெட்டி விட்டாங்க, ஏரி எறங்கிடுச்சு, ஊர்ல எல்லார் வாசலும் காஞ்சிடுச்சு. எங்க பொந்து மட்டும் காயல. போட்ட ஓட்டையெல்லாம் சேறு அடைச்சுக்கிச்சு. தண்ணி உள்ள வராம இருக்க ஒட்டினது, இப்ப ஒரு சொட்டு வெளிய போகாம பாத்துக்கினு நின்னுச்சு. தம்பி வேலை அவ்வளவு கெட்டி.

போற அன்னிக்குச் சாமான் ஏத்த குட்டியானை வண்டி வந்து நின்னது. நான் தம்பி கையில கடப்பாரையைக் கொடுத்தேன். ஏரிப் பக்கத்துச் செவுத்தையும் எதிர்ப்பக்கத்துச் செவுத்தையும் அடியோட இடிக்கச் சொன்னேன். "இப்பவா? வண்டி நிக்குதே அக்கா"ன்னான்.

"தூணு தண்ணியில நிக்குது. அதை வுட்டுட்டு நான் ஏறமாட்டேன்."

இடிச்சான். கல்லு சுலபமா வந்துடுச்சு, அவன் ஒட்டின ஃபைபர்தான் வரல. திட்டிக்கினே வெட்டினான். தன்னைத்தானே திட்டிக்கணும், வேற யாரைத் திட்டுவான்? ஒரு வழியா கிழிஞ்சு, பள்ளத்துல நின்ன கறுப்புத் தண்ணி, கடப்பாரையால கீறி விட்ட வாய்க்கால் வழியா ஏரிப் பக்கம் எறங்க ஆரம்பிச்சது. வேகமா இல்ல. சொணங்கிச் சொணங்கிப் போச்சு. நான் பாத்துக்கினு நின்னேன்.

வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். மகன் வந்து, "மா, அதும்பாட்டுக்குப் போகட்டும், மாமா பாத்துக்குவாரு, ஏறு"ன்னான்.

"அவன் பாத்துக்கினதெல்லாம் போதும். கடைசிச் சொட்டு போகட்டும், வரேன்."

மகன் தலையில அடிச்சுக்கினான். மருமக வண்டியில ஏறி, கட்டி வெச்ச கயித்தை அவுத்து, பிளாஸ்டிக் நாற்காலியை எறக்கிக்கினு வந்து எனக்குப் பின்னாடி போட்டா. உக்காந்தேன். வெயிட்டிங் சார்ஜ் கேப்பேன்னு வண்டிக்காரன் சத்தம் போட்டான்.

"கேளு, எம் மகன் குடுப்பான்"னேன்.