ஓலையைக் கவ்வும் பல்

பனங்குருத்தில் தொப்பி பின்னுகிறவர்கள் உச்சியில்தான் தொடங்குவார்கள். குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஈர ஓலைக் கீற்றுகளைப் பல்லால் கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் இழுத்து இறுக்க வேண்டும். உள்ளங்கை அகலம் வந்தபிறகு முழங்காலில் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை வாய் இல்லாமல் ஆகாது.

சோரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் தொப்பி பின்னும் பெண்ணுக்கு வாயில்தான் புற்றுநோய் வந்தது. முன்பற்களோடு தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆபரேஷனுக்குக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்குக் கைவினைஞர் அட்டை வேண்டும். அட்டையோ அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காலாவதியாகிவிட்டது. இனி அதிகாரிகள் முன் மறுபடி பின்னிக் காட்ட வேண்டும். விதியில் ஒரு குழப்பமும் இல்லை.

சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவன் என்று அட்டை தரும் ஆபீசுக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்கள்.

மூன்று அதிகாரிகள் முன்னால் அவள் கீற்றுகளைக் கால்விரல்களால் பிடித்துப் பார்த்தாள். குனிந்தால் கழுத்துத் தையல் இழுத்தது. ஓலை பிரிந்து விழுந்தது. கரும்பு வெட்டப் போகும் அவள் புருஷன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இப்டி குடுமே. நான் கடிச்சிக்கிறேன், நீ பின்னு."

"மென்னு துப்பிடாத. கரும்பு இல்ல இது."

அவன் கவ்வினான். அவள் பின்னினாள். உச்சி கூடி வந்தது.

"ஐயா, நீங்க உதவி பண்ணக்கூடாது," என்றார் இளம் அதிகாரி.

அவன் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டான். "நான் எங்க சார் பின்றேன்? பல்லு மட்டுந்தான் என்னுது."

"கருவி வச்சுக்க அனுமதி இருக்கு," என்றேன் நான். "இவரைக் கிடுக்கின்னு எழுதிக்குங்க."

"மனுஷனை எப்படி சார் கருவின்னு எழுதறது?"

நியாயமான கேள்விதான். அதிகாரிகள் மூவரும் கலந்து பேசி, மேலிடத்தில் விளக்கம் கேட்பதாக எழுதினார்கள். மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். விளக்கம் கேட்டுவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி எந்த விதியிலும் கிடையாது.

காய்ந்தால் ஓலை வெடித்துவிடும் என்று, வெளியே வராந்தாவில் உட்கார்ந்து இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, ஆபரேஷனுக்கு முன்னாடி பதில் வந்துடுமா?" அவள் பேச்சு குழறியது.

"வராதும்மா."

பல்லில் ஓலையோடு அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"தலைய ஆட்டாத," என்று அவனைத் திட்டிவிட்டு, அவள் அடுத்த கீற்றை இழுத்தாள்.