தாலாட்டின் இடது கால்

சிவப்பு விளக்கு விழுந்ததும் அவருடைய இடது கால் முன்னால் நகர்கிறது. பாதம் காற்றில் எதையோ தேடிக் கண்டுபிடித்து மெல்ல அழுத்துகிறது. கை இடுப்புப் பக்கமாக இறங்கி, இல்லாத ஒரு குமிழைப் பிடித்துத் தள்ளுகிறது. பச்சை விழுந்ததும், கோழிக்குஞ்சைத் தரையில் விடுகிறவரைப் போல அவ்வளவு பதமாகப் பாதத்தை மேலே எடுக்கிறார். பேருந்து எதுவும் கிளம்பவில்லை. அவர் உட்கார்ந்திருப்பது இரண்டாவது மாடியில், கூடத்து ஜன்னலோரம், கைப்பிடி வைத்த மர நாற்காலியில். கீழே நாற்சந்தி. அங்கே விளக்கு மாறும்போதெல்லாம் இங்கே ஒரு கால் வேலை செய்கிறது.

“இன்னிக்கு வண்டியில கூட்டமா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார்.

“நின்னுக்கிட்டுதான் வர்றாங்க” என்பார் இவர், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

நகரப் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அவருக்குப் பெயர் ‘தாலாட்டு’. சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் அசல் பெயர் நினைவிருக்கிறது. அவர் வண்டியில் ஏறியவர்கள் தூங்கிவிடுவார்கள். இரவு வேலை முடித்து வரும் நர்ஸுகள், புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டே உட்காரும் மாணவர்கள், கைக்குழந்தையை உலுக்கி உலுக்கிக் கை ஓய்ந்த தாய்மார்கள், எல்லோரும் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருப்பார்கள். அவர் கொள்கை ஒன்றே ஒன்றுதான். “வண்டி நின்னதும் தெரியக் கூடாது, கெளம்புனதும் தெரியக் கூடாது. கண்ண மூடுனவன் எறங்குற எடத்துலதான் முழிக்கணும்.”

பல பேர் இறங்குகிற இடம் தாண்டித்தான் விழிப்பார்கள். அவர்களை எழுப்புவது நடத்துநரின் வேலை. நடத்துநர், அவருடைய மனைவிக்குத் தம்பி. “மச்சான் தூங்க வெப்பாரு, நான் எழுப்பணும். டிக்கெட் கிழிக்கிற நேரத்தவிட தோளத் தட்டுற நேரம்தான் ஜாஸ்தி” என்று எல்லோரிடமும் அலுத்துக்கொள்வான். அலுப்பில் பெருமை இருக்கும்.

அந்தத் தூக்கத்தின் ரகசியம் அவர் இடது காலில் இருந்தது. மற்ற ஓட்டுநர்கள் கிளட்சை மிதிப்பார்கள், விடுவார்கள். இவர் விடுவதே இல்லை. பாதம் எப்போதும் அந்த மிதிக்கு மேலே, தொட்டும் தொடாமலும், பாதி அழுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும். சிக்னலில் வண்டி நின்றாலும் நிற்கும். கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கும்போதும் நிற்கும். கிளம்ப வேண்டிய நொடியில் தேடக் கூடாதல்லவா? அதனால் அவர் வண்டிக்குக் கிளட்ச் தட்டு மற்ற வண்டிகளுக்கு முன்னால் தேய்ந்துபோகும். பட்டறைக்காரர்கள் அவரைக் கண்டதுமே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். “அண்ணே, கால கொஞ்சம் கீழ வைங்கண்ணே, தட்டு பாவம்” என்பார்கள். தட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டார்கள். காலைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர் உட்பட.

முழங்கால் முன்பே சொல்லித்தான் பார்த்தது. படி ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போது முனகும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால், துருப்பிடித்த கதவுபோல முதல் இரண்டு அடிக்குத் தகராறு செய்யும். “கிரீஸ் கொறஞ்சிருக்கும்” என்று அவரே தீர்ப்புச் சொல்லி, எண்ணெய் தேய்த்து, மேலே ஒரு பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார். பிறகு ஒரு மழை நாளில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி இடது காலைத் தரையில் ஊன்றிய நேரம், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழித்ததுபோல உள்ளே ஒரு சத்தம். அது தனக்கு மட்டும்தான் கேட்டது என்று இன்றும் வியப்போடு சொல்கிறார். சாயங்காலத்துக்குள் முட்டி பன்போல உப்பிவிட்டது.

மூட்டுக்குள்ளே ஜவ்வில் சின்னக் கிழிசல் என்றார் மருத்துவர். கத்தி வைக்கத் தேவையில்லை, முதலில் ஓய்வு, வீக்கம் வடிந்ததும் பயிற்சி என்று சொல்லி அனுப்பினார். பணிமனையும் விடுப்புக் கொடுத்தது. ஆனால் விடுப்பு முடியும்போது பரிசோதகர் பக்கத்தில் உட்கார, ஒரு நடை முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும். கால் தாங்காவிட்டால் வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் நிரந்தர வேலை. எந்த வண்டி வெளியே போனது, எது உள்ளே வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேலை போகாதே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு அந்தக் கூண்டு வேண்டாம். “அடுத்தவன் வண்டி போறத ஒக்காந்து வேடிக்கை பாக்கவா பொறந்தேன்?” என்று மனைவியிடம் ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஓய்வு என்றால் ஓய்வு. மனைவி முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தார். இவர் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி, மடித்து, பாதம் எந்த உயரத்தில் நின்றால் சுகமாக இருக்கிறதோ அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். “இதுதான். இதுதான் அதோட எடம்” என்றார். அது வேறு எந்த இடமும் இல்லை, ஓட்டுநர் இருக்கையில் கால் மடங்கியிருக்கும் அதே அளவு. பகலெல்லாம் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மூடியதும் வண்டி வந்துவிடும். மழை கழுவிய சாலை, ஈர மரங்கள், நிறுத்தத்தில் குடை மடக்கும் ஆட்கள். வண்டி சக்கரத்தில் ஓடாமல் ஏதோ தண்ணீரில் போவதுபோலப் போகும். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வலியே இருக்காது.

வலி இல்லை என்பதையே குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு பணிமனைக்குப் போய், ஓரமாக நின்ற தன் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை முடுக்கவில்லை. சும்மா கிளட்சை மிதித்தார், விட்டார், மிதித்தார். முழு நடையையும் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று ஓட்டி முடித்தார். திரும்பிப் பார்த்தால் மைத்துனன் கடைசி இருக்கையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். நிற்கிற வண்டியிலேயே ஆளைத் தூங்க வைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே வீடு வந்தார். மறுநாள் காலை முட்டி மறுபடியும் பன்னாகியிருந்தது.

அந்த வீக்கத்தோடுதான் மருத்துவர் சொன்ன பிசியோதெரபி பயிற்சி நிலையத்துக்குப் போனார். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, தரையில் நீலப் பாய், மூலையில் எங்கும் போகாத மூன்று படிக்கட்டு. அங்கே இருந்த பெண்ணை, நான் டாக்டர் இல்லை என்று அவள் எத்தனை சொல்லியும், ‘டாக்டரம்மா’ என்றே கூப்பிட்டார். அவள் அவரைப் படுக்கவைத்து இடது காலை நீட்டச் சொன்னாள். நீட்டிவிட்டேன் என்றார். அவள் தன் கையை அவர் முட்டிக்கும் பாய்க்கும் நடுவே விட்டாள். கை சிரமமில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. வலது காலில் விட்டுப் பார்த்தாள், விரல்கூட நுழையவில்லை. வீட்டில் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டாள். தலையணையைச் சொன்னார். வண்டியில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காற்றில் மிதந்துகொண்டிருந்த அந்தப் பாதத்தையே பார்த்தாள்.

“சார், இந்தக் கால் எப்பவுமே கெளம்பத் தயாரா நிக்குது. இதுக்கு ஒரு ஸ்டாப்பே கெடையாதா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

விரல்களால் அவர் தொடையின் முன்பக்கத்தை அழுத்திக் காட்டினாள். வலது தொடை கெட்டியாக இருந்தது, இடது தொடை பிசைந்த மாவு மாதிரி. அவள் சொன்னதை வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் தன் பாணியில் சொன்னார். முட்டி என்பது வெறும் கீல்தானாம். தூக்குவது, இறக்குவது, தாங்குவது எல்லாம் தொடையின் வேலையாம். முட்டி வலித்தால் தொடை பயந்துபோய் வேலையை விட்டுவிடுமாம், இளைத்துவிடுமாம், அப்புறம் முழுப் பாரமும் கீலின் தலையில் விழுமாம். பாதி மடக்கியே வைத்திருந்தால் சுகமாக இருக்கும், ஆனால் கீல் அந்த இடத்திலேயே இறுகிவிடும். வலி போனது ஆறியதால் அல்ல, அசையாததால். “முட்டி மிதிக்கிறதுனால போகலயாம். விடாததுனாலதான் போச்சாம்” என்றார். மனைவி எழுந்து போய்த் தலையணையை எடுத்து அலமாரிக்கு மேலே எறிந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பயிற்சியைப் பார்க்க வேண்டும். கட்டிலில் காலை நீட்டி அவர் உட்காருவார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முட்டிக்கு அடியில் தன் உள்ளங்கையை வைப்பார். தொடையை இறுக்கி, முட்டியைக் கீழே தள்ளி, அந்தக் கையை நசுக்க வேண்டும். இதுதான் டாக்டரம்மா சொன்ன முதல் பாடம். ஆரம்பத்தில் மனைவி கையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். “எறும்பு நடந்த மாதிரி இருக்கு” என்பார். இவருக்கோ நெற்றியெல்லாம் வியர்த்திருக்கும். காலை மடக்காமல் தூக்கி நிறுத்துவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்சமே கொஞ்சம் இறங்குவது, பயிற்சி நிலையத்தில் எங்கும் போகாத அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குவது என்று பாடங்கள் கூடின. வலித்தால் நிறுத்தணும், தசை இழுத்தால் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதற்கே அவருக்கு வெகுகாலம் ஆனது. ஒரு தடவை அவள் முட்டியை அழுத்தி நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். “படிக்கிற காலத்துல உங்க வண்டியில தூங்கி பரீட்சைக்கே லேட்டா போயிருக்கேன் சார். இப்பதான் கணக்கு தீருது” என்றாள் அவள். வலியோடு வலியாகச் சிரித்தார்.

ஒரு காலையில் மனைவி கையை இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார்.

“விடுங்க, அடுப்புல பால் இருக்கு.”

இவர் விடவில்லை. பால் பொங்கி வழிகிற வாசனை கூடம் வரைக்கும் வந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே சிவப்பு விழுந்தால், பாதம் மிதக்கத்தான் செய்தது. உடம்பு கற்றுக்கொண்டாலும் பெயர் விடவில்லை. காலைக் கீழே வைத்துவிட்டால் கிளம்பும்போது தேட வேண்டும். தேடினால் வண்டி குலுங்கும். குலுங்கினால் தூங்குகிறவர்கள் விழித்துவிடுவார்கள். அப்புறம் அவர் என்ன தாலாட்டு? இதைத்தான் டாக்டரம்மாவிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். “தூக்கத்துல ஒரு தடவ பொரண்டு படுத்தா யாரும் செத்துட மாட்டாங்க சார். ஆனா கால அப்படியே வெச்சிருந்தீங்கன்னா மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டாள்.

பரிசோதனை நாளில் மைத்துனனே நடத்துநராக வந்தான். பரிசோதகர், மடிப்புக் கலையாத சட்டை போட்ட மனிதர், முன் இருக்கையில் இவர் காலைப் பார்க்க வாகாக உட்கார்ந்துகொண்டார். பயணிகள் ஏறினார்கள். முதல் சிக்னலில் பழக்கதோஷத்தில் பாதம் மேலேயே நின்றது. முட்டிக்குள் சூடாக ஒரு நூல் ஓடியது. அடுத்த சிக்னலில் காலைக் கீழே வைத்தார். பச்சை விழுந்து, அவசரமாகத் தேடி மிதித்து விட்டபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கண்ணாடியில் தலைகள் நிமிர்ந்தன. பரிசோதகர் புருவத்தைத் தூக்கினார். “என்ன மச்சான், எல்லாரையும் நீங்களே எழுப்பிட்டீங்க” என்று பின்னாலிருந்து மைத்துனன் குரல் வந்தது. இவர் காது சிவந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் கீழே வைத்தார். இந்த முறை குலுக்கல் பாதியானது. அதற்கடுத்ததில் பாதம் தேடவில்லை. போன இடத்துக்கு வழி தெரிந்த மாதிரி தானாகவே போய் உட்கார்ந்தது.

வெயில் சாய்ந்து மரநிழல்கள் வண்டிக்குள் நீந்திப்போயின. கைப்பிடி வளையங்கள் ஒன்றுபோல ஆடின. ஒரு தலை சாய்ந்தது, பிறகு இன்னொன்று. வண்டி அவர் வீட்டு நாற்சந்திக்கு வந்தபோது சிவப்பு விழுந்தது. அந்தச் சந்தியில் சிவப்பு நீளமானது. ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து அவருக்குத் தெரியாததா? மேலே, அவருடைய நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கண்டதும் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முன் இருக்கையில் பரிசோதகரின் முகவாய் மடிப்புக் கலையாத சட்டையில் இறங்கியிருந்தது.

அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இடது பாதத்தைக் கிளட்சிலிருந்து எடுத்து, பக்கத்திலிருந்த வெற்றுத் தரையில் முதலில் குதிகாலை வைத்தார், பிறகு விரல்களை வைத்தார், பிறகு முட்டி நேராகும் வரை காலை மெதுவாக நீட்டி, அப்படியே விட்டுவிட்டார்.