ஆட்டெலும்பும் மச்சான் காலும்

கறிக்கடைத் தரையில் கிடக்கிற ரத்தம் ஆட்டினுடையதா ஆளினுடையதா என்று யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பாலக்கரையில் எங்களுக்குக் கறிக்கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன் மகன். கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். செருப்புப் போடாமல் புளியங்கட்டை முன்னால் நின்று வெட்டுவார். அப்படி வெட்டும்போது தெறித்த எலும்புச் சில்லு ஒன்று வலதுகால் பெருவிரலுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் சிவப்புக் காலடி வாசல்வரை போயிருந்தது. ஆட்டு ரத்தத்தை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கழுவிவிட்டேன். அவருக்கு வலிக்கவே இல்லையாம். சர்க்கரை வியாதி காலை மரத்துப்போகச் செய்திருந்தது.

மச்சான் சட்டென்று கை ஓங்குகிற ஆள். குழம்பில் உப்புக் குறைந்தால் சட்டி சுவரில் போய் உடையும். நானும் வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை, கரண்டி என் கையில்தானே இருந்தது. கால் விஷயத்துக்கு முன்பே ஒருமுறை, சர்க்கரை எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் அவருடைய மூத்திரத்தை மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தபோது செங்கல் நிறத்துக்கு வந்தது, அவ்வளவு சர்க்கரை. தினம் போட இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாசம் போட்டுக்கொண்டார். அப்புறம் ஊசிக்குழாயைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு, “நான் ஆட்டைக் குத்துறவன், என்னை எவன்டா குத்துறது?” என்றார்.

விரல் வீங்கி வாடை வந்தபிறகுதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே பார்த்த டாக்டர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் நாமத்தோடு தினமும் பஸ்ஸில் காவிரியைத் தாண்டி வருவார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“எலும்பு அரிச்சுப் போயிருக்கு பாய். இப்போ விரலை எடுத்து, ஊசியும் போட்டுண்டா கால் தங்கும். தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். அதையும் தள்ளினா ஆளே தங்கறது கஷ்டம்.”

மச்சான் சிரித்தார். “டாக்டரய்யா, நீங்க ஆட்டெலும்பைக் கையால தொட்டிருக்கீங்களா? எது கெட்ட எலும்பு, எது நல்ல எலும்புன்னு எனக்குத் தெரியாதா?”

டாக்டர் கோபப்படவில்லை. “நீர் ஆட்டை உசிர் போனப்புறம் கூறு போடறீர். கெட்ட இடத்தை நறுக்கி எறிஞ்சா மிச்சம் நன்னா இருக்கும். உமக்கு ரத்தம் ஓடிண்டிருக்கு. கெட்டது வெட்டின இடத்திலேயே நிக்காது.”

அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. பக்ரீதுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஊரே குர்பானி ஆடு அறுக்க அவரைத்தான் கூப்பிடும். படுக்கையில் கிடந்தால் வேறு ஒருத்தன் வந்து நின்றுவிடுவான் என்ற ஆங்காரம்.

மறுநாள் காலை கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கடைக்குள்ளே அவர் “பிஸ்மில்லா” என்றது கேட்டது. கத்தியைத் தூக்கினால் அவர் வாயில் தானாக வருகிற சொல். தொடர்ந்து கட்டையில் ஒரே வெட்டு. எட்டிப் பார்த்தேன். கட்டைமேல் கால் இருந்தது. விரல் இரண்டடி தள்ளிக் கிடந்தது.

“கத்தாதே புள்ள. வலிக்கவே இல்லை. வெள்ளை எலும்பு தெரியிறவரைக்கும் எடுத்துட்டேன்” என்று பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த செம்பை அவர் மேலேயே வீசினேன்.

மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு பக்ரீதன்று வீடு வீடாகப் போய் அறுத்தார். எல்லாரும் சபாஷ் போட்டார்கள். அதற்கு இரண்டாம் நாள் குளிர்க்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பாதம் கறுத்து, கெண்டைக்காலில் சிவப்புக் கோடு ஏறியிருந்தது. டாக்டர் சொன்னபடி ரத்தம் அதை மேலே தூக்கிக்கொண்டு போகிறது, இனி அவர் பிழைப்பது அந்தக் காலை எடுப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டார்.

“காலை எடுக்க வர்றவன் கையை எடுப்பேன்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்து அவருடைய தம்பி அவரை நெருங்கினார். கத்தி வீச்சில் முழங்கை பிளந்து ரத்தம் பீறிட்டது. காய்ச்சல் தலைக்கேறி, தம்பியைக்கூட அடையாளம் தெரியாமல் மறுபடி கத்தியை ஓங்கினார். நான் அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையை உருவிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டில் என் பலம் அத்தனையும் சேர்த்து அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம். கடையில் தினம் கேட்கிற சத்தம்தான். கத்தி விழுந்தது. நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஆடு கட்டுகிற கயிற்றாலேயே கட்டி ஜட்கா வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் என்னைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது.

நான்தான் கையெழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உடம்பின் எந்த உறுப்பையும் நாங்கள் குப்பையில் எறிய மாட்டோம். கையில் தையல் போட்டிருந்த தம்பியே அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய்க் கபர்ஸ்தானில் அடக்கினார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பிழைச்சுட்டார். ஆனா ஒரு கால் போனவாளுக்கு மத்த காலும் சீக்கிரம் வம்பு பண்ணும். ரொம்ப வருஷம் தாண்டறவா கம்மி. அந்தக் காலை நீதாம்மா தினம் பார்க்கணும். அவருக்கு வலி தெரியாது.”

அதற்குப் பிறகு மச்சான் கடையில் பலகைமேல் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். கோணலாகக் கூடிய மணிக்கட்டால் கத்தி பிடிக்க முடியவில்லை. வெட்டுகிற வேலை தம்பிக்குப் போயிற்று. என்னைப் புள்ள என்று அவர் கூப்பிடுவதும் அதோடு நின்றது. தினம் காலையில் நான் அவருடைய இடதுகாலை மடியில் இழுத்து, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் உதைப்பார். நெஞ்சில், தோளில். ஒருமுறை பல் போயிற்று. அந்தக் காலில் அடிக்கக் கூடாதே என்று பதிலுக்கு அவர் முதுகில் ஒன்று வைப்பேன். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வரும். ஆனாலும் உதைக்கிற கால் உயிருள்ள கால் என்று தேற்றிக்கொண்டு அடுப்பு மூட்டப் போவேன்.

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு என் தங்கை மகள் பிரசவத்துக்காக வையம்பட்டிக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டேன். காலைப் பாருங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மச்சான் தம்பியைக் கிட்டேயே விடவில்லை. திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மச்சான் தானாகவே காலை என் பக்கம் நீட்டினார். உதைக்கவில்லை. குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு. அழுத்தினால் உள்ளே எலும்பு தட்டியது.

“புள்ள, வண்டி கூப்பிடு. இந்தத் தடவை நானே கையெழுத்துப் போடுறேன்.”

இடதுகையால் போட்டார். தொடைவரை எடுத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். விஷம் ரத்தத்தில் முன்னமே கலந்துவிட்டது என்றார் டாக்டர். முன்பு அடக்கின காலுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினதாகத் தம்பி வந்து சொன்னார்.

அன்றைக்கு நீ கையை உடைக்காமல் இருந்தால் அப்போதே போயிருப்பார், நாலு வருஷம் நீ கொடுத்தது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். கையை உடைத்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. வையம்பட்டியில் உதை வாங்காமல் நிம்மதியாக எழுந்த அந்தப் பத்துக் காலைகளுக்காகத்தான் என்னை நானே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.