விற்கப் போன வேன்

நல்லூரில் எங்கள் வீட்டின் கீழே தையல் மிஷின்கள் ஓடுகின்றன, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, டிராக் பேண்ட்டாகவும் பனியனாகவும் தைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழில். நானும் என் கணவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஒரே கம்பெனியில் டெய்லர்களாக இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக இந்தச் சின்ன யூனிட்டைப் போட்டோம். போட்ட புதிதில் வாங்கியதுதான் அந்த டீசல் வேன்.

அவிநாசியில் ஒரு மெக்கானிக்கின் பட்டறை வாசலில், வேப்ப மரத்தடியில் நின்றிருந்தது. அந்த மாடலைச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மேலெல்லாம் மரத்துச் சருகு. என் கணவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். மெக்கானிக் அதைக் கவனித்துவிட்டு, "பாக்கறதுக்குத்தானுங்க இப்படி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துப்போட்டு அப்பறம் சொல்லுங்க" என்றார்.

ஓட்டிப் பார்த்தது நான். எங்கள் வீட்டில் நான்கு சக்கரம் ஓட்டுவது நான்தான். என் கணவருக்கு பைக்கோடு சரி. சாவியைத் திருப்பியதும் வேன் ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துவிட்டது.

அந்த வேனில் என்ஜின் வெளியே இல்லை. முன்னால் இருக்கும் இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டும். மூடி எப்போதும் சூடாக இருக்கும் என்பதால், காலையில் டிபன் கேரியரை அதன்மேல் வைத்துவிடுவேன். கம்பெனி வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது திறந்தால் சாம்பார் ஆவி பறக்கும். சீட்டு கிழிந்தபோது ரிஜெக்ட் ஆன தடித்த துணியில் நானே உறை தைத்துப் போட்டேன். சந்துக்குள் யாராவது பைக்கால் உரசிவிட்டுப் போனால்கூட மனசு பதறாது. ஏற்கெனவே இருக்கும் கோடுகளோடு அதுவும் ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டெய்லர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஏறிக்கொள்வார்கள். ஒரு வாரம் அவிநாசிக் கோயில், ஒரு வாரம் அமராவதி அணை. பிள்ளைகள் உள்ளே முறுக்கைச் சிந்தினாலும் யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும் என் கணவருக்கு அந்த வேன்மேல் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் அதை மட்டும் ஓரமாக, சாக்கடைப் பக்கம் நிறுத்தச் சொல்வார். என் தம்பி வேறு புதுக் கார் வாங்கியிருந்தான். அதில் கதவைத் திறந்தாலே விளக்கு எரியும், பாட்டு பாடும். ஒருநாள் இவர் சாப்பிட்டுக்கொண்டே, "கணியூர்ல ஒரு விவசாயி பழைய வேன் தேடுதாராம். பேசிட்டேன். ஞாயித்துக்கிழம கொண்டு காட்டணும்" என்றார்.

"எங்கிட்ட கேக்கவே இல்லயே நீங்க" என்றேன்.

"கேட்டா நீ விடவா போற?"

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிறு காலையில் வேனைக் கழுவித் துடைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். ஓட்ட ஆள் நான்தான் என்பதால், விற்கவும் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் வேறு.

குண்டடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆக்ஸிலேட்டர் பெடல் சட்டென்று தரையோடு படுத்துவிட்டது. அழுத்தினால் ஒன்றுமில்லை. என்ஜின் மட்டும் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டினேன். இரண்டு பக்கமும் வெறும் பொட்டல், காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நிழலுக்கு ஒரு மரம் இல்லை.

அவர் நடுவிலிருந்த மூடியைத் தூக்கினார். எட்டிப் பார்த்ததும் இரண்டு பேருக்குமே புரிந்தது. பெடலிலிருந்து என்ஜினுக்கு வரும் கம்பி அறுந்து தொங்கியது. அவர் அறுந்த இடத்துக்கு அப்பாலிருந்த சின்ன இரும்புக் கையை விரலால் இழுத்தார். என்ஜின் சீறியது. விட்டதும் அடங்கியது. மறுபடி இழுத்தார். மறுபடி சீறியது.

"பின்னால அந்த நாடாக் கட்டு கெடக்கா?" என்றார். இரண்டு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டிராக் பேண்ட்டின் இடுப்பில் கோக்கிற நாடா. ஒரு கட்டு எப்போதும் வேனில் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரட்டையாக்கி இரும்புக் கையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார்.

"கிளச்சும் பிரேக்கும் நீ பாத்துக்க. இத நான் பாத்துக்கிடுதேன்."

முதல் தடவை வேன் தவளைபோலத் துள்ளி நின்றுவிட்டது. நான் கிளச்சை விடுவதற்குள் அவர் நாடாவை இழுத்துத் தளர்த்தியும்விட்டார். இரண்டாம் தடவை நான் கிளச்சை விட்ட பிறகும் அவர் இழுக்கவில்லை.

"இழுங்க."

"இழுத்துட்டுத்தான இருக்கேன்."

"விடுங்க, கியர் மாத்தணும். விடுங்கங்கேன்லா. ம், இப்பம் இழுங்க."

மூடி திறந்திருந்ததால் சூடு முகத்தில் அடித்தது. சத்தத்தில் கத்தினால்தான் காது கேட்டது. தாராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று பட்டறைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. ரவுண்டானாவில் ஒரு பஸ்காரர் ஹாரனை அடித்தபடி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். நான் "விடுங்க, விடுங்க" என்று கத்த, ஜன்னலோரம் பைக்கில் வந்தவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார். என் கணவர் சிரித்துவிட்டார். சிரிப்பில் நாடாவை இழுத்துவிட்டார், வேன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அதன்பிறகு எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணியூரில் தென்னந்தோப்புக்கு நடுவே அந்த விவசாயியின் வீடு. இறங்கும்போது இரண்டு பேர் முகமும் கரி. விவசாயியின் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முதலில் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்தார்.

"கம்பி அறுந்துபோச்சுதுங்க. நாடா கட்டி இழுத்துட்டு வந்தோம்" என்றேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அந்த 'ங்க' என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. விற்க வந்த பண்டத்தின் குறையை மறைக்காமல் சொல்லிவிட்டோம், இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை.

விவசாயி மூடியைத் தூக்கி நாடாவைப் பார்த்தார். அவரும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "குண்டடத்துல இருந்து இப்படியே வந்தீங்ளா? அப்ப இதுதானுங்க எனக்கு வேணும். தக்காளிய ஏத்திட்டு உடுமலைக்குப் போற வழீல நின்னுபோச்சுன்னா நான் யாரத் தேடறதுங்க? இது கொண்டுபோய்ச் சேத்திரும்" என்றார்.

நான் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். அவர் தக்காளியைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் பேசிக்கொண்டே வேனைச் சுற்றி வந்தார். என் கணவர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு நின்றார். நாடா அழுந்திச் சிவந்திருந்தது. பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. இதக் குடுக்க மனசில்ல" என்றார்.

விவசாயி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் எதுக்குங்க இத்தன தூரம் ஓட்டியாந்தீங்க?"

"குடுக்கணும்னுதான் வந்தோம். வார வழியில மனசு மாறிட்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு நல்ல மனிதரை வீணாகக் காக்கவைத்துவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, அதை முகத்தில் காட்டவும் முடியவில்லை. விவசாயியின் மனைவிதான் அந்த இடத்தைச் சரிசெய்தார்.

"அவங்க வண்டி, அவங்க வெச்சுக்கறாங்க. அதுக்கென்ன இப்ப? வா அம்மிணி, மொகத்தக் கழுவிட்டு வா. சோறு உண்டுட்டுப் போலாம்."

திரும்பும்போதும் நாடாதான். ஆனால் பாதி வழிக்குமேல் நான் வாயே திறக்கவில்லை. என் இடது கால் அசைவதைப் பார்த்தே அவர் விட்டார், இழுத்தார். தூரத்தில் வேகத்தடை தெரிந்ததும் நாடா தானாகவே தளர்ந்தது. பல்லடம் ரோட்டு லாரிகளுக்குப் பயந்து நான் ஒதுங்கினபோதும் சரியாக அடக்கிப் பிடித்தார்.

"ஏன் வேண்டாம்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் நாடாவைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். "உன் தம்பி காரு அன்னைக்கு நின்னுச்சே. ஏதோ ஒரு வெளக்கு எரிஞ்சுது. என்ன கோளாறுன்னு காரு கம்பெனிக்காரன் சொல்லவே ரெண்டு நாளாச்சு. இதுல தொறந்ததும் எது அறுந்துதுன்னு எனக்கே தெரிஞ்சுட்டுல்லா" என்றார். பிறகு, "எனக்கே தெரிஞ்சுது" என்று இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவிநாசி மெக்கானிக் நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் புதுக் கம்பி போட்டுவிட்டார். என் கணவர் அவரிடம், கணியூர் விவசாயிக்கு இதே மாடலில் ஒரு வேன் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. விவசாயியும் மனைவியும் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அதை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் வேன்தான் உறவு. போன வருஷம் உடுமலையில் பழைய இரும்புக் கடையில் இதே மாதிரி ஒன்றை உடைக்கப்போவதாக விவசாயிக்குத் தெரிந்தது. ஓடிப்போய் முழுசாக வாங்கிப்போட்டுவிட்டு எங்களுக்கு போன் செய்தார். ரேடியேட்டரை அவர் எடுத்துக்கொண்டார், துருவேறிப்போன எங்கள் இடது கதவுக்குப் பதிலாக அதன் கதவு எங்களுக்கு வந்தது. மற்ற சாமான்கள் அவருடைய தேங்காய்க் களத்துக் கொட்டகையில் இருக்கின்றன, இரண்டு வேனுக்கும் பொதுவாக.

எங்கள் வேன் வெள்ளை. அந்தக் கதவு நல்ல நீலம். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொள்வோம். அடிக்கவில்லை. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் தூரத்திலேயே கதவை அடையாளம் கண்டு கேட்டைத் திறந்துவிடுகிறார். சாக்கடைப் பக்கம்தான் இன்னமும் நிறுத்தச் சொல்கிறார். அங்கே காலையில் நல்ல நிழல்.