வாரேன் என்றவருக்கு ஏன் பதில் சொல்லவில்லை

"அவரு வாரேன்னாரு, நீங்க மட்டும் ஏன் அய்யா வாங்கன்னு சொல்லல?" என்று போன வாரம் கேட்டீர்கள், பிள்ளைகளே. யார் கிளம்பும்போது "வாரேன்" என்றாலும் "வாங்க" என்று சொல்ல வேண்டும் என உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும். எட்டாவதோடு நின்றவன்; தெரிந்தபடி எழுதுகிறேன்.

போன தேர்தலில்தான் அவர் முதன்முதலாக நம் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். அப்போது கண்மாய் மடையின் ஷட்டர் உடைந்து, பெய்த மழையெல்லாம் ஓடையில் வடிந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டு முறை தண்ணீர் பாயாவிட்டால் மிளகாய் பூவோடு கருகிவிடும். அதை அவரிடம் கேட்கும் பொறுப்பை ஊரார் என்னிடம் விட்டிருந்தார்கள்.

வேனில் நின்று மைக்கைப் பிடித்தார். "நம்ம மண்ணத் தண்ணியில்லாக் காடுங்கிறான். தப்புப் பண்ணுன அதிகாரிய இங்கன தூக்கிப் போடுறான். நம்ம ஊரு என்ன ஜெயிலா அய்யா?" என்று கேட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியூர்களில் 'தண்ணியில்லாக் காடு' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு விழுங்கியவன் நான். கை தட்டினேன். விசில்கூட அடித்தேன். உங்கள் அம்மா விலாவில் இடித்தாள்: "தட்டுனது போதும். மடையக் கேளுங்க."

வேன் நகரும்போது ஓடிப்போய்க் கேட்டேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "வாரேன் அய்யா, வாரேன்" என்றார். மடையைப் பார்க்க வருவதாகவே எடுத்துக்கொண்டேன். "வாரேன்னுட்டாரு!" என்று தெருத்தெருவாகச் சொன்னேன். நம் தெருவில் ஒரு ஓட்டுச் சிதறவில்லை.

ஜெயித்தார். வரவில்லை. நாம் அடுக்கிய மணல்மூட்டைகளையும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போனது. காய்ந்த மிளகாய்க் காட்டில் ஆட்டை விட்டோமே, உங்களுக்கு நினைவிருக்கும்.

போன வாரம் மறுபடி அதே வேன். அதே "ஜெயிலா அய்யா?", அதே இடத்தில் துண்டு. கைதட்டல் அடங்குமுன் கத்திக் கேட்டேன்: "மடையப் பாக்க வாரேன்னீங்களே?"

மைக்கிலேயே சிரித்தார். "கெளம்பும்போது வேற என்ன அய்யா சொல்றது? போறேன்னா சொல்லுவாக?"

கூட்டமே சிரித்தது. "ஏலே, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா!" என்றான் பின்னால் நின்ற என் பங்காளி. அந்த மடையால் அவன் காடும் சேர்ந்துதான் காய்ந்தது.

சிரித்தவர்கள்மேல் கோபமில்லை. நானும் விசிலடித்தவன்தானே. ஆனால், நம் வீட்டு மரியாதைச் சொல்லை எடுத்து நம்மையே ஏமாற்றிவிட்டு, அதைச் சிரிப்பாகவும் ஆக்கினாரே, அதுதான் வயிற்றை எரிக்கிறது. தண்ணியில்லாக் காடு என்றவனைத் திட்டினார். தண்ணீருக்கு வழி சொன்னாரா?

கிளம்பும்போது என்னைப் பார்த்தே "வாரேன்" என்றார். ஊரே "வாங்க, வாங்க" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மடையில் வந்து நிற்கட்டும். அன்றைக்கு வாய் நிறையச் சொல்கிறேன்.